ஆர்டர் கிடைத்துவிட்டது, அப்புறம்?

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய படிப்பான பாதிக்கப்பட்டோரியல், அதன் முன்னோடி மெண்டல்சோனில் தொடங்கி, பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றிய 1985-ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனம், தென்னாப்பிரிக்காவின் 2004 பாதிக்கப்பட்டோர் சாசனம் சொல்லும் 7 உரிமைகள் என்று போகும். தேர்வுக்கு அது சரி. நாளைக்கு டர்பனின் சாட்ஸ்வொர்த் கோர்ட்டில், குடும்ப வன்முறைக்கு எதிராகப் பாதுகாப்பு உத்தரவு கேட்கும் ஒரு பெண்ணுக்குத் துணையாக நிற்கப்போகும் மாணவருக்கு அது மட்டும் பத்தாது. பிரமாண வாக்குமூலம் எழுத உதவத் தெரிய வேண்டும்.

"அடிக்கடி அடிப்பார்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் என்ன செய்வார்? முதல் சம்பவம், மிக மோசமானது, கடைசியாக நடந்தது, மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எந்த அறை, கையில் என்ன இருந்தது, எங்கே காயம், பிள்ளைகள் பார்த்தார்களா? தேதி நினைவில்லையென்றால் "காவடிக்கு முந்தின வாரம்" என்றே எழுதலாம். அந்தப் பெண் சொல்லும் வார்த்தையை உங்கள் நடைக்கு மாற்றாதீர்கள். குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்பவர் அவர்தான்.

1998-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் கணவனோடு நிற்பதில்லை. மாமியார், கொழுந்தன், பெற்ற மகன் மீதும் மனு போடலாம். பாட்டியின் பென்ஷன் பணத்தைப் பிடுங்கிக்கொள்வதும் வன்முறைதான். மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

பலர் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். இறுதி விசாரணைக்கு முன் கோர்ட் தரும் இடைக்கால உத்தரவு, எதிராளிக்குத் தெரிவிக்கப்படும் வரை செல்லாது. அதைக் கோர்ட் ஊழியரோ ஷெரிஃபோ போலீஸோதான் சேர்க்க வேண்டும். அதனால் எதிராளி வேலை செய்யும் இடம், ஷிஃப்ட் நேரம், கார் நம்பர் எல்லாவற்றையும் மனுவோடு கொடுங்கள். சேர்ந்ததா என்று கோர்ட்டில் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். தானாக யாரும் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று நம்ப வேண்டாம்.

இன்னொரு கண்ணி: மனுவின் நகலும் எதிராளியின் கைக்குப் போகும். ஒளிந்திருக்கும் வீட்டு முகவரியை வாக்குமூலத்துக்குள் எழுதிவிட்டால், வழிகாட்டியதே நாம்தான் என்றாகும்.

உத்தரவோடு வரும் கைது வாரண்டைப் பத்திரப்படுத்துங்கள். எதிராளி உத்தரவை மீறினால் அந்த வாரண்டையும் புது வாக்குமூலத்தையும் போலீஸிடம் கொடுக்க வேண்டும். திரும்ப வரச்சொன்ன தேதியில் மனுதாரர் வராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம்.

அடித்ததற்கான குற்ற வழக்கு வேறு. அதற்கு ஜே88 படிவத்தில் டாக்டரோ நர்ஸோ காயத்தைப் பதிய வேண்டும். "பெரியப்பா பேசிப் பார்க்கட்டும்" என்று காத்திருந்தால் காயம் ஆறிவிடும். பாலியல் வன்முறையில் இன்னும் அவசரம்: எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். போலீஸ் வழக்கு போட்டால்தான் மருந்து என்பதில்லை, சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் மருத்துவமனையில், பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் துதுசேலா மையத்துக்கு நேரே போகலாம்.