நொடிக்கு 200 முறை மோதும் இரண்டு மடிப்புகள்

‘ஆ’ என்று கொஞ்சம் நீட்டிச் சொல்லிப் பாருங்கள். அந்த நேரம் முழுக்கத் தொண்டைக்குள் இரண்டு சின்னக் குரல் மடிப்புகள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. ஆண்கள் பேசும்போது நொடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவை, பெண்களுக்கு 200ஐ ஒட்டி, பிறந்த குழந்தை வீறிடும்போது 400க்கும் மேல். இத்தனை வேகத்தில் அவற்றைத் திறந்து மூட வைப்பது யார்?

மூளை என்றுதான் சட்டென்று தோன்றும். 1950இல் ராவுல் உசோன் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அப்படித்தான் சொன்னார்: ஒவ்வொரு அதிர்வுக்கும் நரம்பு வழியாகத் தனித்தனியாக ஒரு கட்டளை வருகிறது, அதற்கேற்ப தசை சுருங்குகிறது என்று. கேட்க நன்றாக இருந்தாலும் இது நிற்கவில்லை. 1741லேயே பாரிஸில் அந்துவான் ஃபெரைன், இறந்த உடலிலிருந்து எடுத்த குரல்வளைக்குள் காற்றை ஊதி ஒலி எழுப்பிக் காட்டியிருந்தார். மூளையும் இல்லை, நரம்பும் இல்லை, ஆனாலும் குரல் வருகிறது என்றால் கட்டளைக்கு அங்கே என்ன வேலை?

இந்த முறை இன்றும் ஆய்வகங்களில் நடக்கிறது. பெர்லின் விலங்குக்காட்சி சாலையில் இயற்கையாக இறந்துபோன ஒரு யானையின் குரல்வளையை எடுத்து, வியன்னா பல்கலைக்கழகக் குழு அதற்குள் வெதுவெதுப்பான ஈரக்காற்றைச் செலுத்திப் பார்த்தது. யானைகள் வெகுதூரம் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும், நம் காதுக்கு எட்டாத அந்தத் தாழ் ஒலி அப்படியே வந்தது. இது 2012இல் வெளியானது. பூனை உறுமாமல் குர்குர் என்று சத்தம் போடுமே, அதற்கு மட்டும் தசைத்துடிப்புதான் காரணம் என்று பாடப்புத்தகங்கள் ரொம்ப காலம் எழுதிவந்தன. 2023இல் அதே ஆய்வாளர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட்டின் குழு, இறந்த பூனைகளின் குரல்வளையில் காற்றை ஊதியே நொடிக்கு 25 முதல் 30 வரையிலான அந்த அதிர்வைக் கொண்டுவந்துவிட்டது. உயிருள்ள பூனையில் தசைக்குப் பங்கே இல்லை என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் தசை கட்டாயம் என்ற வாதம் ஆட்டம் கண்டுவிட்டது.

மூளை செய்வதெல்லாம் இரண்டு மடிப்புகளையும் நெருக்கமாகக் கொண்டுவந்து, தேவையான அளவு இழுத்துப்பிடித்து வைப்பதுதான். மீதியைக் காற்று பார்த்துக்கொள்கிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்று மூடிய மடிப்புகளுக்குக் கீழே முட்டுகிறது. சாதாரணப் பேச்சுக்கு ஆறிலிருந்து எட்டு சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம் இருந்தால் போதும். தண்ணீருக்குள் ஒரு குழாயை அந்த ஆழத்துக்கு விட்டு ஊதிக் குமிழி வரவைக்க எவ்வளவு ஊத வேண்டுமோ அவ்வளவுதான். மடிப்பின் கீழ் ஓரம் முதலில் விலகுகிறது, அதைத் தொடர்ந்து மேல் ஓரம். மூடும்போதும் கீழ் ஓரம்தான் முந்துகிறது, மேல் ஓரம் பின்னால் வந்து சேர்கிறது. பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் கீழேயிருந்து மேலே ஓர் அலை ஏறிப் போவது தெரியும்.

இந்த முன்பின்தான் மொத்த விஷயமும். வேகமாகப் போகும் காற்றில் அழுத்தம் குறையும், அதனால் மடிப்புகள் உள்ளே இழுக்கப்படுகின்றன என்று பெர்னூலியின் பெயரைச் சொல்லிப் பல இடங்களில் முடித்துவிடுவார்கள். அது பாதி விளக்கம். திறக்கும்போதும் மூடும்போதும் ஒரே மாதிரி விசை இருந்தால் ஒரு பக்கம் கொடுத்தது மறுபக்கம் கழிந்துபோய், அதிர்வு ஒன்றிரண்டு சுற்றில் அடங்கிவிடும். உண்மையில் திறக்கும்போது இடைவெளி மேலே குறுகலாக இருப்பதால் உள்ளே அழுத்தம் கூடி மடிப்பை வெளியே தள்ளுகிறது. மூடும்போது மேலே அகன்றிருப்பதால் அழுத்தம் இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் காற்றிலிருந்து மடிப்புக்குக் கொஞ்சம் ஆற்றல் லாபமாகச் சேருகிறது, அந்த லாபத்தில்தான் நம் பேச்சே ஓடுகிறது. 1980களில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த இங்கோ டிட்ஸே.

(இப்படி வெட்டி வெட்டி வெளிவரும் காற்று வெறும் ரீங்காரம்தான். அதை ‘அ’வாகவும் ‘இ’யாகவும் ஆக்குவது தொண்டையும் வாயும் நாக்கும். ஹீலியம் உறிஞ்சினால் குரல் வேடிக்கையாக மாறுவது இந்த மேல்பகுதி ஒத்ததிர்வு மாறுவதால்தான். மடிப்புகள் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் அடித்துக்கொண்டிருக்கும்.)

அலை ஓட வேண்டுமென்றால் மேற்பரப்பு வழுவழுவென்று தளர்வாக இருக்க வேண்டும். உங்கள் புறங்கையைத் தொட்டு லேசாக நகர்த்திப் பாருங்கள், உள்ளே எலும்பும் தசைநாரும் அசையாமல் இருக்கத் தோல் மட்டும் அதன்மேல் நழுவும். குரல் மடிப்பிலும் அப்படித்தான், உள்ளே இறுக்கமான தசை, வெளியே நழுவக்கூடிய உறை. ஜப்பானின் குருமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மினோரு ஹிரானோ 1970களில் நுண்ணோக்கியில் பார்த்து ஐந்து அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார்: மேலே மெல்லிய தோலடுக்கு, கீழே தசை, நடுவில் மூன்று அடுக்கு இணைப்புத்திசு. அந்த மூன்றில் மேலாக இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில், ஏறக்குறைய கூழ் பதத்தில் இருக்கும். நாரிழைகள் குறைவு, ஹயலூரானிக் அமிலம் அதிகம். பிறந்த குழந்தைக்கு இந்த அடுக்குப் பிரிவு கிடையாது, பதின்பருவம் வரை மெல்ல மெல்ல உருவாகிறது.

குரல் கெட்டுப்போகிறது என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: அந்தக் கூழடுக்குக்கு ஏதோ ஆகிவிட்டது, அல்லது மடிப்புகள் சரியாகச் சேர மறுக்கின்றன. பல நேரம் இரண்டும் சேர்ந்தே வரும். சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொள்ளும்போது கவனியுங்கள். குரல் முதலில் கட்டையாகிறது, ஏனென்றால் மடிப்பு வீங்கிக் கனம் கூடிவிட்டது, கனமானது மெதுவாகத்தான் அதிரும். அப்புறம் காற்று கலந்து வருகிறது, வீங்கிய ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வீக்கம் இன்னும் ஏறினால் இருக்கிற மூச்சழுத்தம் அதிர்வைத் தொடங்கவே போதாமல் போய்விடுகிறது, வாயைத் திறந்தால் வெறும் காற்று. நல்லவேளையாக இது ஒன்றிரண்டு வாரத்தில் தானே சரியாகிவிடும்.

தானே சரியாகாதவை வேறு. மடிப்புகள் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நொடிக்கு 200 என்று வைத்துக்கொண்டு, ஓர் ஆசிரியை ஒரு நாளில் மொத்தமாக இரண்டு மணி நேரம் குரல் எழுப்புகிறார் என்றால் 14 லட்சத்து 40 ஆயிரம் மோதல்கள். கத்தினால் ஒவ்வொரு மோதலும் இன்னும் பலமாகும். அதிர்வு மிக அகலமாக இருப்பது மடிப்பின் அதிரும் பகுதிக்கு நடுவில், அதனால் முடிச்சுகள் (மோதி மோதித் தடித்துப்போகும் சின்னப் புடைப்புகள்) விழுவதும் சரியாக அங்கேதான், இரண்டு பக்கமும் எதிரெதிரே. பெண்களுக்கும் சிறு பையன்களுக்கும் இவை அதிகம் வருகின்றன. சுருதி கூடினால் மோதலின் எண்ணிக்கையும் கூடும் என்பது அதற்கு ஒரு காரணம். அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் எடுத்து 2004இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வாழ்நாளில் எப்போதாவது குரல் பிரச்சினை வந்ததாகச் சொன்னவர்கள் ஆசிரியர்களில் நூற்றுக்கு 58 பேர், மற்றவர்களில் 29 பேர். சரிபாதி வித்தியாசம். இதைத் தொழில்சார் நோயாக எடுத்துக்கொள்ளாமல் ‘டீச்சர் தொண்டை அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முடிச்சுக்குப் பெரும்பாலும் கத்தி வைப்பதில்லை, குரல் பயிற்சியிலேயே கரைந்துவிடும். பாலிப் என்கிற சதைத் துருத்தல் வேறு ரகம்: ஒரே ஒரு தடவை வெறிகொண்டு கத்தியதில் சின்ன ரத்தக்குழாய் வெடித்துக்கூட வரலாம், பொதுவாக ஒரு பக்கம்தான் இருக்கும். பல வருடம் புகைத்தவர்களுக்கு அந்தக் கூழடுக்கிலேயே நீர் கோத்து மடிப்பு பைபோலத் தொங்க ஆரம்பிக்கும். போனில் பேசும் பெண்ணை ஆண் என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் குரல் இறங்கிவிடும்.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். தொண்டையில் இதமாக இறங்கட்டும் என்று குடிக்கும் எதுவும் குரல் மடிப்பைத் தொடுவதே இல்லை. விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறி, மூடி சாய்ந்து, மடிப்புகள் இறுக மூடிக்கொள்கின்றன. ஒரு சொட்டு தப்பி அங்கே போனால்தான் புரையேறுகிறது. பேச்சு பிற்பாடு வந்தது, குரல்வளையின் மூத்த தொழில் இந்தக் காவல்தான். இருமுவதற்கும், மூச்சை அடக்கிக் கனமான பொருளைத் தூக்குவதற்கும் அதே மூடுதல்தான் உதவுகிறது. தண்ணீர் குடிப்பது நல்லதுதான், ஆனால் அது ரத்தம் வழியாகச் சுற்றித்தான் மடிப்புக்குப் போய்ச் சேரும். நேராகப் போய் மேற்பரப்பை நனைப்பது நாம் இழுக்கும் காற்றின் ஈரம். வறண்ட மடிப்பை அதிர வைக்கக் கூடுதல் அழுத்தம் வேண்டும், இதை ஆய்வகத்தில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அடிக்கடி செருமுவதோ மடிப்புகளைப் பட்டென்று மோதவிடுகிற காரியம். குரல் போனவர்கள் கிசுகிசுவென்று பேசினால் ஓய்வு என்று நினைப்பார்கள், அதிலும் பலர் தொண்டையை முக்கி இறுக்கிக்கொள்கிறார்கள் என்பது கேமராவில் தெரிகிறது. பேசாமல் இருப்பதுதான் ஓய்வு.

கேமரா என்றதும், உயிருள்ள மனிதரின் குரல்வளையை முறையாகப் பார்த்து எழுதியவர் மருத்துவர் அல்ல, பாட்டு வாத்தியார். மனுவேல் கார்சியா, 1854இல் பல் மருத்துவக் கண்ணாடி ஒன்றைத் தன் தொண்டைக்குள் சாய்த்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பித் தன் மடிப்புகளைத் தானே பார்த்தார். மடிப்புகள் இருப்பது தெரியும், ஆனால் அதிர்வு கண்ணுக்கு வெறும் மங்கலாகத்தான் படும். அதற்காகத்தான் ஸ்ட்ரோபோஸ்கோப்பி. மைக் உங்கள் சுருதியைக் கேட்டு, அதைவிடச் சற்றே வித்தியாசமான வேகத்தில் விளக்கை மின்ன வைக்கும். ஒவ்வொரு மின்னலும் அடுத்தடுத்த சுற்றின் சற்றுத் தள்ளிய ஒரு கணத்தைப் பிடிப்பதால், 200 அதிர்வுகள் திரையில் ஒன்றிரண்டு நிதானமான அசைவுகளாகத் தெரியும். மருத்துவர் அங்கே தேடுவது அந்த அலையை. ஓடி வருகிற அலை ஓரிடத்தில் மட்டும் எழும்பாமல் நின்றால், அங்கே தழும்போ கட்டியோ உள்ளே வேர்பிடித்திருக்கிறது. குரல் ரொம்பவே தாறுமாறாக இருந்தால் இந்த முறை தடுமாறும், பிடிப்பதற்குச் சீரான சுருதி கிடைக்காது. அப்போது நொடிக்கு 4000 படம் எடுக்கும் அதிவேகக் கேமராவுக்குப் போக வேண்டும்.

மடிப்பு நன்றாகவே இருக்கும், நரம்பு போயிருக்கும், அதுவும் உண்டு. மடிப்பை அசைக்கும் நரம்பு விசித்திரமான பாதையில் வருகிறது: மூளையிலிருந்து கழுத்தைக் கடந்து கீழே போய், இடது பக்கத்தில் நெஞ்சுக்குள் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. அதனால் நுரையீரலில் வளரும் ஒரு கட்டி குரல் கம்மலாக முதலில் தலைகாட்டலாம். தைராய்டு அறுவை சிகிச்சையிலும் இந்த நரம்பு பக்கத்திலேயே கிடப்பதால் சேதமாகிவிடும் ஆபத்து உண்டு. கரகரப்பு நான்கு வாரத்தைத் தாண்டினால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்வது இதற்கெல்லாம் சேர்த்துத்தான். புகைப்பவர்கள், கழுத்தில் கட்டி உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் மாறியவர்கள் அந்த நான்கு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

ஒரு பக்கம் செயலிழந்தால் இன்னொரு மடிப்பு தனியாக வந்து காற்றைத்தான் தட்டும். கியோட்டோவின் நொபுஹிகோ இஷிக்கி 1974இல் இதற்கு ஓர் அழகான வழி சொன்னார். கழுத்தின் குருத்தெலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி, அதன் வழியாக ஒரு துண்டை வைத்துச் செயலற்ற மடிப்பை நடுவுக்குத் தள்ளுவது. நோயாளிக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, அறுவை மேசையிலேயே பேசச் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே, இல்லை கொஞ்சம் வெளியே என்று காதால் கேட்டு இடம் பிடிப்பார்கள்.

இன்னொன்று மூளையின் கோளாறு. பேசும்போது மட்டும் மடிப்புகள் வெட்டி இழுத்து இறுகிக்கொள்ளும், சொற்கள் நெரிபட்டு உடைந்து வரும். அதே ஆள் சிரித்தாலோ பாடினாலோ பல நேரம் ஒன்றும் தெரியாது. இதனாலேயே வெகுகாலம் மனப்பிரச்சினை என்று முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1984இல் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ பிளிட்ஸர் அந்தத் தசைக்குள் போட்டாக்ஸ் ஊசி போட்டார், இறுக்கம் விட்டது. சில மாதங்களில் மருந்து தீர்ந்துவிடும், மறுபடி போட வேண்டும், ஆனாலும் இன்றுவரை அதுதான் பிரதான சிகிச்சை.

இன்னும் கை வராமல் இருப்பது தழும்பு. கூழடுக்கு ஒருமுறை நாராகிவிட்டால் அலை அங்கே ஓடாது, அதைப் பழைய பதத்துக்குக் கொண்டுவரும் மருந்து இதுவரை இல்லை. 2015இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நேத்தன் வெல்ஹாமின் குழு, அறுவையில் அகற்றப்பட்ட குரல்வளைகளிலிருந்தும் ஓர் இறந்த உடலிலிருந்தும் செல்களை எடுத்து, கொலாஜன் சட்டகத்தில் வளர்த்தது. சுமார் இரண்டு வாரத்தில் அடுக்கு உள்ள திசு உருவானது. அதை இறந்த நாயிலிருந்து எடுத்த குரல்வளையில் ஒரு பக்கம் பொருத்திக் காற்றைச் செலுத்தியபோது அலை ஓடியது, இயல்பான பக்கத்தோடு சேர்ந்து அதிர்ந்தது. மனித நோய் எதிர்ப்பு அமைப்பைப் பொருத்திய எலிகளில் வைத்துப் பார்த்ததில் உடல் அதை நிராகரிக்கவும் இல்லை. உண்மையான ஒரு தொண்டைக்குள், பேசிக்கொண்டும் இருமிக்கொண்டும் இருக்கும் ஒரு மனிதரிடம், நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான மோதல்களை அது வருடக்கணக்கில் தாங்குமா என்பதுதான் அடுத்துப் பார்க்க வேண்டிய சோதனை.