கடை ஓடுகிறது, அப்பா கடையை ஓடுவதில்லை

டர்பனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறவர்களுக்குப் பழகிப்போன வாக்கியம் ஒன்று உண்டு: “அப்பா கடையை ஓடுகிறார்.” சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் இங்கிலீஷ்தான். மனதில் முதலில் ‘ரன்’ என்று வருகிறது. அதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ‘ஓடு’ என்று வைத்துவிடுகிறார்கள். திருத்தினால் சும்மா விடுவார்களா? “கடை நன்றாக ஓடுகிறது என்று மட்டும் சொல்லலாமா?” என்று மடக்குவார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லப் புறப்பட்டால், ஒரே சொல் எப்படி நூற்றுக்கணக்கான அர்த்தங்களைச் சுமக்கிறது என்ற இடத்துக்கே போய்ச் சேர்வோம்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு 1928-இல் முடிந்தபோது அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு. இப்போது நடக்கும் திருத்தத்தில் அந்த இடத்தை ‘ரன்’ பிடித்துவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு சுமார் 9 மாதம் உட்கார்ந்து, வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தங்களைப் பிரித்துக் கொடுத்தார். ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் போவது, ஜெனரேட்டர் ஓடுவது, கம்பெனி நடத்துவது, காய்ச்சலில் உடம்பு சுடுவது, பத்திரிகை ஒரு செய்தியைப் போடுவது, வாடகை ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்குச் செல்லுபடியாவது, குளிக்கத் தண்ணீர் பிடிப்பது எல்லாம் அதில் அடங்கும்.

இந்த 645-ஐக் கேட்டு மிரள வேண்டாம். எண்ணுகிற முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தமிழில் வண்டி ஓடுகிறது, டிரைவர் அதை ஓட்டுகிறார். தானே செய்தால் தன்வினை, செய்ய வைத்தால் பிறவினை. ஒரு ‘ட்’ கூடியதும் நமக்கு அது வேறு சொல். அகராதியிலும் தனி இடம். இங்கிலீஷில் வண்டியும் ‘ரன்’, அதை ஓட வைப்பதும் ‘ரன்’. நாம் இரண்டு பதிவுகளில் போடுவதை அவர்கள் ஒன்றிலேயே போட்டு எண்ணுகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இங்கிலீஷும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தது என்பது. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்றால் ஓடுவது, வழிவது. ‘அர்னன்’ என்று இன்னொரு சொல். அது குதிரையில் விரைந்து போவதற்கு, ஓட்டுவதற்கு. ஒரே வேரில் பிறந்த இந்த இரண்டும் நாளடைவில் ஒன்றாகக் கலந்து இன்றைய ‘ரன்’ ஆகிவிட்டன. பங்காளி மொழியான ஜெர்மனில் கலப்பு நடக்கவில்லை: தண்ணீர் வழிவதற்கு ‘ரின்னன்’, மனிதன் ஓடுவதற்கு ‘ரென்னன்’ என்று இன்றும் இரண்டாகவே இருக்கின்றன. நம் அக்கம்பக்கத்து ஜூலு மொழியிலோ கணக்கு தமிழ் போலவே சுத்தம்: ‘கிஜிமா’ ஓடு, ‘கிஜிமிசா’ ஓட வை. ஆக, “கடையை ஓடுகிறார்” என்று எழுதும் பிள்ளை இங்கிலீஷ் தொலைத்துவிட்ட ஒரு எழுத்தைத் தமிழிலும் தொலைக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அந்த ‘ட்’டைச் சேர்த்து “கடையை ஓட்டுகிறார்” என்றால் முடிந்ததா? ஓரளவுதான். அப்படிச் சொன்னால் ஏதோ தட்டுத்தடுமாறிக் காலம் தள்ளுகிறார் என்ற சாயல் வந்துவிடும். முறையாகச் செய்தால் நடத்துகிறார் என்போம். அதாவது ‘நட’ என்பதன் பிறவினை. இங்கிலீஷ்காரர் கடையை ஓட வைக்கிறார், நாம் நடக்க வைக்கிறோம். ஆஃப்ரிகான்ஸில் இன்னும் வேடிக்கை: நடப்பதற்கு ‘லூப்’, ஓடுவதற்கு ‘ஹார்ட்லூப்’, ஆனால் எஞ்சின் ஓடுவதற்கு ‘லூப்’தான் போதும். தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டனில் நிற்கிறார். நம் ஊர் வேட்பாளரும் தமிழில் நிற்கத்தான் செய்கிறார். எந்தக் கிளை எங்கே முளைக்கும் என்பது ஒவ்வொரு மொழிக்கும் மாறும். ஆனால் முளைக்கிற விதம் மாறுவதில்லை.

அந்த விதம் என்ன? ஓட்டத்தில் கால் இருக்கிறது, வேகம் இருக்கிறது, ஒரு பாதை இருக்கிறது, இடையில் நிற்காத தொடர்ச்சி இருக்கிறது. காலை எடுத்துவிட்டால் ஆறு ஓடும். இடம் மாறுவதையும் எடுத்துவிட்டுத் தொடர்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டால், ஒரே இடத்தில் போல்ட் போட்டு நிறுத்தியிருக்கும் கரும்பு ஆலை எந்திரம்கூட ஓடும். நீராவி எந்திரமும் ரயிலும் வந்த காலத்தில் இங்கிலீஷ் ‘ரன்’ மளமளவென்று கிளைவிட்டது இந்த வழியில்தான். அதற்கப்புறம் எந்திரம் ஓடினால் நிர்வாகமும் ஓடலாம், படமும் ஓடலாம், ஒப்பந்தமும் ஓடலாம். முதல் அர்த்தத்தையும் கடைசி அர்த்தத்தையும் பக்கத்தில் வைத்தால் சம்பந்தமே தெரியாது. நடுவில் உள்ள ஒவ்வொரு அடியும் சின்னது. இப்படி ஒரு சொல் பல பொருளில் பெருகுவதற்கு 1897-இல் பெயர் சூட்டியவர் மிஷேல் ப்ரெயால் என்ற பிரெஞ்சு மொழியியலாளர்.

புதுச்சொல் செய்துகொள்வதற்கு என்ன கேடு? சோம்பல் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது புத்திசாலித்தனமான சோம்பல். அதிகம் புழங்கும் சொல்லுக்கு அர்த்தமும் அதிகம் என்று ஜார்ஜ் ஜிஃப் 1945-இல் காட்டினார். அவருடைய கணக்கு தோராயமாக வர்க்கமூல உறவு: ஒரு சொல் இன்னொன்றைவிட 100 மடங்கு புழங்கினால், அதற்கு ஏறக்குறைய 10 மடங்கு அர்த்தம் இருக்கும். 2012-இல் ஸ்டீவன் பியான்டடோசியும் உடனாய்வாளர்களும் காரணத்தைத் தெளிவாக்கினார்கள். சூழலே பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும்போது சொல்லும் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வாய்க்கு எளிதான குட்டிச் சொற்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது மொழிக்கு லாபம். ‘மூக்கு’ என்று முதலிலேயே சொல்லியாயிற்று; அப்புறம் மூக்கு மாரத்தான் ஓடியதோ என்று யார் குழம்பப்போகிறார்கள்?

கேட்கிறவர் மூளையில் நடப்பதை 1979-இல் டேவிட் ஸ்வின்னி அழகாகப் பிடித்தார். இங்கிலீஷில் ‘பக்’ என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவியும்கூட. பூச்சிதான் என்று தெளிவாகத் தெரிகிற வாக்கியத்தைக் காதில் ஒலிக்க விட்டு, அந்தச் சொல் வந்த கணத்திலேயே திரையில் ஒரு சொல்லைக் காட்டினார். எறும்பு என்று வந்தாலும் உளவாளி என்று வந்தாலும் மக்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். இரண்டு அர்த்தமும் விழித்திருக்கிறது என்று பொருள். மூன்று அசை தள்ளிக் காட்டியபோது எறும்புக்கு மட்டும்தான் அந்த விரைவு, உளவாளி தூங்கப்போய்விட்டார். ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஆனால் எல்லாப் பல்பொருளும் ஒரே ரகம் அல்ல. தேங்காய் ஓட்டுக்கும் ‘ஓடு, பிடி’ என்பதற்கும் எந்த உறவும் கிடையாது. ஒலி மட்டும் ஒன்று. படம் ஓடுவதும் நேரம் ஓடுவதும் ஒரே குடும்பம். ஜெனிஃபர் ராட் குழுவினர் 2002-இல் ஆங்கிலச் சொற்களை வைத்துச் சோதித்தபோது, உறவில்லாத அர்த்தங்கள் சொல்லை அடையாளம் காண்பதைத் தாமதப்படுத்தின. உறவுள்ள அர்த்தங்கள் அதிகமாக இருந்தால் வேகம் கூடியது. அர்த்தம் கூடக்கூடச் சுமை கூடும் என்ற நம் நினைப்பு இங்கே எடுபடவில்லை.

அசையாத பொருள் ஓடும்போது மூளையும் கொஞ்சம் சேர்ந்து ஓடுகிறது போலிருக்கிறது. டர்பனிலிருந்து பீட்டர்மரிட்ஸ்பர்க் வழியாக ஜோஹன்னஸ்பர்க் போகிறது என்-3 சாலை என்கிறோம். சாலை எங்கேயும் போவதில்லை, கிடந்த இடத்தில்தான் கிடக்கிறது. டீனி மாட்லாக் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மெதுவாக, சிரமப்பட்டுப் போன பயணக்கதையைப் படித்தவர்கள், அடுத்து வந்த ‘சாலை பள்ளத்தாக்கு வழியாக ஓடுகிறது’ போன்ற வாக்கியத்தைப் புரிந்துகொள்ளவும் அதிக நேரம் எடுத்தார்கள். மனதுக்குள் அந்தச் சாலையில் பயணம் செய்து பார்த்திருக்க வேண்டும்.

‘ரன்’ என்ற இங்கிலீஷ் சொல்லே தமிழுக்குள் வந்த கதை வேறு. கடன் வாங்கும்போது மொழி முழு மரத்தையும் பெயர்த்துக்கொண்டு வராது, தேவையான கிளையை மட்டும் ஒடித்துக்கொள்ளும். கிரிக்கெட்டிலிருந்து ‘ரன்’ வந்தது, கூடவே ‘ரன் அவுட்’. 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் இரு அணியும் 213-இல் நின்றபோது, க்ளூஸ்னர் ஓடிவர, ஆலன் டொனால்ட் நேரத்துக்கு ஓடாததால் ரன் அவுட் ஆனார், தென்னாப்பிரிக்கா வெளியேறியது. டர்பன் வீடுகளில் அதை இன்னும் மன்னிக்காதவர்கள் உண்டு. பிறகு கம்ப்யூட்டர் வந்து ‘புரோகிராம் ரன் ஆகுது’ என்று இன்னொரு கிளையைக் கொடுத்தது. கடையும் ஆறும் படமும் நேரமும் மட்டும் தமிழில் இன்னும் ரன் ஆகவில்லை; ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.