ரத்தம் ஏன் வெள்ளையா இருக்கு? ஒரு காமிக்ஸ் பக்கம் கேமராவுக்குள்ள போன கதை

ஃப்ராங்க் மில்லரோட காமிக்ஸை வச்சு 2005ல வந்த 'சின் சிட்டி' படத்தைப் பத்தி ஒரு வாசகர் நல்ல கேள்வி ஒண்ணு கேட்டிருக்கார். "காமிக்ஸே கறுப்பு வெள்ளைதானே, வழக்கம்போல படம் எடுத்துட்டு கலரை மட்டும் உருவிட்டா அதே மாதிரி வந்துடுமே, எதுக்கு சுத்தி பச்சை சுவரை வச்சு இவ்ளோ மெனக்கெட்டாங்க?" வந்துடாதுங்க. ஏன் வராதுன்னு பாத்தா அது முழுக்க இயற்பியல், அதுவும் பத்தாவது பன்னிரண்டாவதுல நாம படிச்சுட்டு மறந்த இயற்பியல்தான், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

ஃப்ராங்க் மில்லர் அந்தக் கதையை 1991ல டார்க் ஹார்ஸ் பதிப்பகத்துக்காக வரைய ஆரம்பிச்சார். அந்தப் பக்கங்களைப் பாக்காதவங்களுக்கு: ஒண்ணு கறுப்பு மை இருக்கும், இல்லன்னா வெறும் பேப்பர் இருக்கும், நடுவுல சாம்பல் நிறம்னு ஒண்ணு பெரும்பாலும் கிடையவே கிடையாது. மழையில நிக்கற ஆளோட கோட்டு முழுக்க கறுப்பு, விளிம்புல மட்டும் நாலஞ்சு வெள்ளைக் கீற்று, அதை வச்சே நமக்கு அந்த ஆள் எவ்ளோ பெரிய உருவம், எந்தப் பக்கம் திரும்பி நிக்கறான், மழை எங்கிருந்து அடிக்குது எல்லாம் புரிஞ்சிடும். முகத்துல ஒட்டின பிளாஸ்திரி பளிச்னு வெள்ளை. ரத்தமும் வெள்ளை. இதுல எதை கறுப்பாக்கணும் எதை வெள்ளையாக்கணும்னு வெளிச்சம் முடிவு பண்ணல, மில்லரோட கை முடிவு பண்ணிச்சு. கேமராவுக்கு அந்த உரிமை கிடையாது, லென்ஸ் வழியா எவ்ளோ ஒளி வந்து விழுந்ததோ அதை அளந்து ஒரு எண்ணா எழுதி வைக்கும், அவ்ளோதான் அதோட வேலை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல நூத்துக்கணக்கான சாம்பல் படிகள் அதுல தானா வந்து உட்காந்துக்கும்.

சரி, ஒரு எல்லை வச்சு, பாதிக்கு மேல வெளிச்சம் இருக்கற பிக்சலை வெள்ளையாக்கு, கீழ இருக்கறதை கறுப்பாக்குன்னு கம்ப்யூட்டர்ட்ட சொன்னா? ஒரே ஒரு ஃபோட்டோவுக்கு இது அழகா வேலை செய்யும். 1957ல க்ரெய்க் மூனின்னு ஒரு உளவியல் ஆய்வாளர் இதே மாதிரி ரெண்டே நிறத்துல முகங்களைச் செஞ்சு ஜனங்ககிட்ட காட்டினார், வெறும் திட்டுகள்தான், ஆனா பாத்தவங்க மூளை மூக்கையும் தாடையையும் தானே நிரப்பிக்கிச்சு, அதே படத்தை தலைகீழா காட்டினா அது முகம்னே கண்டுபிடிக்க கஷ்டம். மில்லரோட முகங்கள் வேலை செய்யறதும் இப்படித்தான். ஆனா சினிமால செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடுது. அந்த எல்லைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற ஒரு பிக்சல், சென்சார்ல எப்பவும் இருக்கற சின்ன இரைச்சலால ஒரு ஃப்ரேம்ல வெள்ளைப் பக்கம் தாவும், அடுத்த ஃப்ரேம்ல கறுப்புப் பக்கம் தாவும், நடிகரோட கன்னத்து ஓரம் முழுக்க எறும்பு ஊர்ற மாதிரி துடிக்கும், பத்து நிமிஷம் பாத்தா தலை வலிச்சிடும். அதனாலதான் படத்துல பல இடங்கள்ல முகத்துல சாம்பல் நிறத்தை விட்டு வச்சு, கான்ட்ராஸ்டை மட்டும் ஏத்தி, சில குறிப்பிட்ட ஷாட்டுகள்ல மட்டும் முழுசா கறுப்பு நிழலுருவமா மாத்தியிருக்காங்க.

படம் உருவான கதையை வேகமா சொல்லிடறேன், நிறைய பேருக்குத் தெரிஞ்சதுதான். ஹாலிவுட்டுக்குக் கொடுக்க மில்லருக்கு இஷ்டமில்ல. இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் ஒரு குட்டிக் கதையை முதல்ல சோதனையா எடுத்துக் காட்டி அவரை சம்மதிக்க வச்சார், அந்தச் சோதனைதான் 2005ல வந்த படத்தோட முதல் காட்சி. மில்லரும் தன்கூட சேந்து இயக்கணும்னு பிடிவாதமா இருந்தார் ரோட்ரிகஸ், இயக்குநர் சங்கத்தோட விதிகள் அதுக்கு இடம் கொடுக்கல, சங்கத்தை விட்டே வெளிய வந்துட்டார். டெக்சாஸ்ல ஆஸ்டின் நகரத்து ஸ்டுடியோல பச்சைத் திரைக்கு முன்னாடி (அந்தப் பச்சையை அப்புறம் கம்ப்யூட்டர்ல நீக்கிட்டு வேற பின்னணி வைக்கலாம்) முழுக்க டிஜிட்டல் கேமராவுல படமாச்சு, கையால கட்டின செட் மூணே மூணு. ஸ்டோரிபோர்டுன்னு, அதாவது ஷாட் ஷாட்டா முன்கூட்டியே வரையற படங்கள்னு தனியா எதுவும் வரையல, காமிக்ஸ் பக்கமே ஸ்டோரிபோர்டு.

இப்ப ரத்தத்துக்கு வரேன், நான் இந்தக் கட்டுரையை எழுத உட்காந்ததே இதுக்காகத்தான். கலர் படத்தை கறுப்பு வெள்ளையா மாத்தும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் சமமா கூட்டறதில்ல, நம்ம கண்ணு எந்த நிறத்தை எவ்ளோ வெளிச்சமா உணருதோ அந்த விகிதத்துல கூட்டணும். ஹெச்டி வீடியோவுக்கான கணக்குல சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722. அதாவது வெளிச்சத்துல முக்கால்வாசி பச்சைகிட்டயே இருக்கு. இப்ப ரத்தம் எந்த நிறம்? அடர் சிவப்பு, பச்சையும் நீலமும் அதுல கிட்டத்தட்ட இல்லவே இல்ல, சிவப்பும் அஞ்சுல ஒரு பங்குதான் எண்ணப்படும். அதனால கலரை உருவின உடனே ரத்தம் ஏறக்குறைய கறுப்பா ஆயிடும், கறுப்பு கோட்டு மேல கறுப்பு ரத்தம், காணாமலே போயிடும். மில்லர் பக்கத்துல எது கண்ணைப் பறிக்குதோ அதுதான் கேமராவுல முதல்ல தொலையும்!

வெள்ளை பெயின்ட்டை ஊத்தலாமேன்னு தோணும். அதுலயும் சிக்கல் இருக்கு, வெள்ளை திரவம் மேல செட்டு லைட் விழுந்தா ஒரு இடம் மினுக்கும், ஒரு இடம் நிழலாகி சாம்பல் ஆகும், ஈரமான பெயின்ட் மாதிரியே தெரியும், மை மாதிரி தெரியாது. அதோட வெள்ளைச் சட்டையையும் வெள்ளை ரத்தத்தையும் கம்ப்யூட்டரால பிரிக்கவும் முடியாது.

அவங்க பண்ணது என்னன்னா, ஒளிரும் சிவப்புத் திரவத்தை ரத்தமா பயன்படுத்தி, அது மேல புற ஊதா ஒளி வீசற ப்ளாக் லைட்டை அடிச்சு படம் பிடிச்சாங்க, அப்புறம் அந்தச் சிவப்பை மட்டும் கம்ப்யூட்டர்ல தேடி எடுத்து வெள்ளையா மாத்தினாங்க. கேக்க சாதாரணமா இருக்கும், உள்ள நடக்கறது அவ்ளோ அழகு. ப்ளாக் லைட்ல இருந்து வர ஒளியோட அலைநீளம் சுமாரா 365 நானோமீட்டர், நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஃபோட்டான்ல சுமாரா 3.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். அது சாயத்தோட மூலக்கூறுல போய் விழுந்தா ஒரு எலக்ட்ரான் மேல் நிலைக்குத் தாவும், ஆனா தாவின உடனே மூலக்கூறு அதிர்ந்து அதிர்ந்து ஆற்றல்ல கொஞ்சத்தை வெப்பமா இழந்துடும், மிச்சத்தோட எலக்ட்ரான் கீழ இறங்கும்போது வெளிய வர ஃபோட்டான்ல சுமாரா 2 எலக்ட்ரான் வோல்ட்தான் இருக்கும், அது சிவப்பு. இவ்ளோவும் பெரும்பாலும் சில நானோசெகண்டுல முடிஞ்சிடும். விழுந்த ஒளி ஒரு நிறம், வெளிய வர ஒளி வேற நிறம்!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். திரவத்தோட ஈரமான மேற்பரப்பு அந்த ப்ளாக் லைட்டை கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கத்தான் செய்யும், ஆனா திரும்பி வர அந்த மினுமினுப்பும் புற ஊதாவாவேதான் இருக்கும், நம்ம கண்ணுக்கும் தெரியாது, கேமராவும் அதைப் பெருசா கண்டுக்காது. கேமராவுக்குக் கிடைக்கறது உள்ள இருந்து எல்லாத் திசைக்கும் பரவற சிவப்பு ஒளி மட்டும். அதனால பளபளப்பு குறைஞ்சு, தட்டையா, சீரா ஒரு திட்டு கிடைக்கும், மையால நிரப்பின மாதிரியே. அதோட செட்டுல பெரும்பாலும் வேற எந்தப் பொருளும் அவ்ளோ செறிவான சிவப்பா இருக்காது, கம்ப்யூட்டருக்கு பிரிக்கறது சுலபம். ப்ளாக் லைட் இருக்கற இடத்துக்கு வெள்ளை வேட்டியோட போனா நீலமா ஜொலிக்கும் பாத்திருப்பீங்க, சோப்புத்தூள்ல போடற வெண்மையூட்டி ரசாயனம் செய்யற வேலை அது, இதே விதிதான் அங்கயும்.

இந்த விதியை 1852ல விளக்கினவர் கேம்பிரிட்ஜ்ல இருந்த ஜார்ஜ் ஸ்டோக்ஸ். சூரிய ஒளியை பட்டகத்தால பிரிச்சு, மலேரியா மருந்தான குயினைனோட கரைசல் வச்ச குழாயை சிவப்புல இருந்து ஊதா பக்கமா மெல்ல நகர்த்திட்டே போனார், ஊதாவைத் தாண்டி கண்ணுக்கு இருட்டா இருக்கற இடத்துக்குப் போனதும் கரைசல் நீலமா ஒளிர்ந்துச்சு. இதனால யாருக்கு என்ன லாபம்னு அவர்கிட்ட அன்னைக்குக் கேட்டிருந்தா சொல்ல பெருசா ஒண்ணும் இருந்திருக்காது. இன்னைக்கு ரூபாய் நோட்டோட எண்கள்ல ஒளிரும் மை இருக்கு, கொரோனா காலத்துல ஆர்டி-பிசிஆர் மெஷின் வைரஸ் இருக்கான்னு கண்டுபிடிச்சது இதே ஒளிர்வை வச்சுதான். ஒசாமு ஷிமோமுராங்கற விஞ்ஞானி ஒரு ஜெல்லிமீன் ஏன் பச்சையா ஒளிருதுன்னு தேடிப் போய் 1962ல அந்தப் புரதத்தைப் பிரிச்சார், 2008ல நோபல் கிடைச்சது, நடுவுல 46 வருஷம். அடிப்படை ஆராய்ச்சிக்கு காசு கேட்டா உடனடிப் பயன் என்னன்னு ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்றாங்களே, அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்குக் கோவம் வருது. ஜெல்லிமீனை வச்சுக்கிட்டு அந்தக் கட்டத்துல என்னதான் எழுத முடியும்?

அடுத்தது மஞ்சள் நிறத்துல வர ஒரு வில்லன். காமிக்ஸ்ல அந்த வில்லனுக்கு மட்டும் மஞ்சள் மை, மத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. நடிகருக்கு மஞ்சள் பூசியிருப்பாங்கன்னுதானே நினைப்போம், பூசினது நீலம்! பச்சைத் திரையை நீக்கற கணக்கு, பிக்சல்ல பச்சை எண் சிவப்பையும் நீலத்தையும் எவ்ளோ தாண்டியிருக்குன்னு பாக்கும், ரொம்பத் தாண்டியிருந்தா அது பின்னணி, தூக்கிடு. அப்புறம் பச்சைச் சுவர்ல பட்டுத் திரும்பின ஒளி நடிகர் தோல்ல லேசா பச்சையா படிஞ்சிருக்கும், அதைக் குறைக்க ஒரு எளிய வழி, பச்சை எண் சிவப்பு நீலத்தோட சராசரியைத் தாண்டினா சராசரிக்கே இறக்கிடறது. மஞ்சள்னா என்ன, சிவப்பும் பச்சையும் சேந்ததுதானே. சிவப்பு 230, பச்சை 220, நீலம் 40ன்னு ஒரு மஞ்சளை எடுத்துக்கோங்க, சிவப்பு நீலத்தோட சராசரி 135, பச்சையை 135க்கு இறக்கினா ஆள் ஆரஞ்சாயிடுவார், நிழல் பக்கம் செங்கல் நிறமாவார். நீலத்துல இந்தப் பிரச்சினை இல்ல, பச்சைக்கும் தூரம், மனுஷத் தோலுக்கும் தூரம். சலவைக்காரர் துணி ஓரத்துல போடற குறி மாதிரிதான் இந்த நீலம், துணியோட அழகுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, எது யாரோடதுன்னு கடைசில பிரிக்கறதுக்கு. ஒளிரும் சிவப்பும் அப்படித்தான். கறுப்பு வெள்ளைப் படம் எடுக்க கலர் கேமரா வேணும்ங்கறது இதனாலதான், கறுப்பு வெள்ளையில எடுத்திருந்தா அந்தக் குறிகள் எல்லாம் அழிஞ்சு போயிருக்கும்.

சாதாரண வீடியோவுல இடத்தை மிச்சம் பிடிக்க நிறத் தகவலைப் பாதியா வெட்டிடுவாங்க, வெளிச்சம் மட்டும் ஒவ்வொரு பிக்சலுக்கும் இருக்கும், நிறம் ரெண்டு பிக்சலுக்கு ஒண்ணு. நம்ம கண்ணு அதைக் கண்டுபிடிக்காது. ஆனா நிறத்தை வச்சு விளிம்பு வெட்டறவங்களுக்கு முடி ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டா வரும். அவங்க பயன்படுத்தின சோனி எஃப்950 கேமரா மூணு நிறத்தையும் முழுசா, வெட்டாம பதிவு பண்ணும், முன்னாடி நிக்கறவங்க தலைமுடி அலை அலையா சுத்தமா நிக்கறதுக்கு அது ரொம்ப உதவியிருக்கும். இதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல, எனக்கு இது ஒரு குறை.

கட்டத்துக்கு கட்டம் அப்படியே எடுத்ததுதான் விசுவாசம்னு நிறைய பேர் இந்தப் படத்தைப் பாராட்டறாங்க. நான் அப்படி நினைக்கல. கேமரா கோணத்தை நகலெடுக்கறது சுலபம். எது வெள்ளைன்னு மனுஷன் முடிவு பண்ணணும், வெளிச்சம் பண்ணக் கூடாதுங்கற மில்லரோட விதியை, முடிவே பண்ணத் தெரியாத ஒரு மெஷின் வழியா பத்திரமா கடத்திட்டு வந்தாங்க பாருங்க, எனக்கு அதுதான் விசுவாசம். மர்ஜான் சத்ரபி தன்னோட கறுப்பு வெள்ளை காமிக்ஸான 'பெர்செபொலிஸ்'ஸை 2007ல படமாக்கினப்ப கேமரா முன்னாடி நடிகர்களை நிறுத்தவே இல்ல, பெரும்பாலும் கறுப்பு வெள்ளை அனிமேஷனாவே செஞ்சாங்க, அது இன்னும் நேர்வழி.

2014ல 'சின் சிட்டி' ரெண்டாவது படம் த்ரீ டியில வந்துச்சு, அங்கதான் மில்லரோட இந்த விதி இடிச்சது. நம்ம ரெண்டு கண்ணும் ஒரே பொருளைக் கொஞ்சம் வேற வேற இடத்துல பாக்குது, மூளை ரெண்டு படத்துலயும் ஒத்துப் போற புள்ளிகளைத் தேடி, அதுங்களோட இடைவெளியை வச்சு ஆழத்தைக் கணக்குப் போடும். முழுக் கறுப்பா நிக்கற ஒரு உருவத்துக்குள்ள ஒத்துப் பாக்க ஒரு புள்ளியும் கிடையாது, விளிம்பு மட்டும்தான், அதனால ஆள் பின்னணிக்கு முன்னாடி தள்ளி நிக்கறது தெரியும், ஆனா ஆளுக்குன்னு கனம் இருக்காது, வெட்டி நிறுத்தின அட்டையா தெரிவார். சாம்பல் நிறத்தைச் சேத்தா கனம் வரும், ஆனா மில்லரோட பக்கம் போயிடும். ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்க முடியும், பேப்பர் தட்டையானது, அதனால எனக்கு 2005ல வந்த தட்டைப் படமே போதும்.