சுவரிலிருந்து எத்தனை அடி?

விழுந்தாரா, குதித்தாரா, தள்ளிவிட்டார்களா? மொட்டைமாடியிலிருந்து விழுந்து ஒருவர் இறந்தால், தடய அறிவியல் துறையில் இருக்கும் எங்களிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: “சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கிடந்தார்?”

பெரும்பாலும் பதில் இருக்காது. ஒருமுறை நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வாசலைக் கழுவி பிளீச்சிங் பவுடரும் தூவிவிட்டார்கள். “இங்கதான் சார் கெடந்தாரு” என்று பக்கத்து வீட்டுக்காரர் கை காட்டினார். “இல்லீங்க, அந்தத் துளசி மாடத்துக்கிட்ட” என்றார் அவர் மனைவி. இரண்டு இடத்துக்கும் நடுவே டேப்பை வைத்தேன். ஐந்தரை அடி.

அது எவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியுமா? 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் சுமார் 1.4 வினாடியில் தரையைத் தொடும். ஆள் 50 கிலோவோ 90 கிலோவோ, நேரம் அநேகமாக அதேதான். அதற்குள் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் போகிறது என்பது, விளிம்பை விட்ட கணத்தில் இருந்த வேகத்தைப் பொறுத்தது. கால் இடறிச் சரிந்தவருக்கு அது வினாடிக்கு 1 மீட்டர் என்றால், ஒன்றரை மீட்டருக்குள் விழுவார். 4 மீட்டர் வேகத்தில் ஓடிவந்து தாவியவர் ஐந்தரை மீட்டர் தாண்டுவார். நின்றபடி குதித்தவரும் தள்ளிவிடப்பட்டவரும் இரண்டுக்கும் நடுவில் விழுவார்கள், யார் எவர் என்று தூரத்தை வைத்துப் பிரிக்க முடியாதபடி. எங்கள் தலைவலியே அந்த நடுப்பகுதிதான். ஐந்தரை அடி பிசகினால் வேகக் கணக்கு வினாடிக்கு 1.2 மீட்டர் பிசகும். ‘கருத்துக் கூற இயலாது’ என்று அறிக்கை கொடுத்தேன். அந்தக் குடும்பம் இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறது.

1995-இல் சிட்னியின் ‘தி கேப்’ பாறை முகட்டுக்குக் கீழே ஓர் இளம் மாடல் இறந்து கிடந்தார். முகட்டின் உயரம் சுமார் 29 மீட்டர். உடல் கிடந்த இடத்தைப் படம் எடுக்கவில்லை. இயற்பியலாளர் ராட் கிராஸ் முதலில் கணக்கிட்டபோது, பாறையிலிருந்து உடல் கிடந்த தூரமாக எடுத்துக்கொண்டது சுமார் 9 மீட்டர். மீட்புப் போலீசார் பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து காட்டிய இடத்தை வைத்து அது 11.8 மீட்டர் ஆனது. பலசாலி ஆண்களை விட்டுப் பெண்களை நீச்சல் குளத்தில் வீசச் சொல்லி வேகத்தை அளந்தார். தூக்கி வீசியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 2008-இல் காதலனுக்குத் தண்டனை கிடைத்தது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சோதனைகளைக் கடுமையாக விமர்சித்து அவரை விடுதலை செய்தது. குளத்துக்குள் வீசப்படச் சம்மதித்து நிற்கும் பெண்ணும், இருட்டில் உயிருக்குப் போராடும் பெண்ணும் ஒன்றா?

சிசிடிவியில் நடையைப் பார்த்து ஆளை அடையாளம் காண்பதும், இதைப் போலவே உடல் அசைவை வைத்து முடிவுக்கு வரும் வேலைதான். அதற்கான அறிவியல் அடித்தளம் மிகவும் மெலிந்தது என்று லண்டன் ராயல் சொசைட்டி 2017-இலேயே நீதிபதிகளுக்கான கையேட்டில் எழுதிவிட்டது. நான் அதைத் துணைச் சான்றாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் நாங்கள் வரும்வரை அந்த இடம் உங்கள் கையில் இருக்கிறது. உயிர் இருந்தால் 108 தான் முதல் வேலை, சந்தேகமே வேண்டாம். தூக்கிச் செல்லும்போது தலை இருந்த இடத்தில் ஒரு செங்கல், கால் இருந்த இடத்தில் ஒரு செங்கல் வையுங்கள். சுவரும் அந்த இடமும் சேர்ந்து தெரிய ஒரு படம் எடுத்துப் போலீசிடம் மட்டும் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு வேண்டாம். மாடிக்கு யாரும் ஏற வேண்டாம்.

அந்த வீட்டில் இறந்தவரின் செருப்பு வாசற்படியில் ஜோடியாக இருந்தது. மாடியில் கிடந்ததை யாரோ எடுத்துவந்து ஒழுங்காக வைத்திருந்தார்கள். மாடியில் எந்த இடத்தில் கிடந்தது என்று கேட்டேன். யாருக்கும் நினைவில்லை.