லைஹீப்: ஹீட்டிங் பில்லுக்கு அரசு உதவி, வருமான வரம்பு எவ்வளவு?

அமெரிக்காவில் வீட்டைச் சூடேற்றும் செலவுக்கு அரசு தரும் உதவித் திட்டம் லைஹீப் (LIHEAP). 1981-இல் வந்த சட்டம். பணம் மத்திய அரசுடையது, பங்கிட்டுத் தருவது மாநிலங்கள். அதனால் வருமான வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மாநிலம் வைக்கக்கூடிய உச்ச வரம்பு, வறுமைக்கோட்டின் 150 விழுக்காடு அல்லது அந்த மாநில இடைநிலை வருமானத்தின் (பாதிக் குடும்பங்கள் இதற்குக் கீழும் பாதி மேலும் சம்பாதிக்கும் தொகை) 60 விழுக்காடு. இரண்டில் எது அதிகமோ அது. வறுமைக்கோட்டின் 110 விழுக்காட்டுக்குக் கீழே வரம்பை இறக்க முடியாது. நடுவில் எங்கே கோடு போடுவது என்பது மாநிலத்தின் முடிவு.

2024-25 குளிர்காலத்தையே பாருங்கள். நான்கு பேர் குடும்பத்துக்குப் பென்சில்வேனியாவில் வரம்பு 46,800 டாலர். மசாசூசெட்ஸில் 90,000 டாலருக்கும் மேல். ஆண்டுக்கு 60,000 டாலர் வருமானமுள்ள குடும்பத்துக்கு ஓரிடத்தில் உதவி இல்லை, இன்னோரிடத்தில் உண்டு. வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினர் சொன்ன தொகையை நம்பி விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். தொகை ஆண்டுதோறும் மாறும் என்பதால் போன வருடம் கிடைக்காதவர்களும் மறுபடி பார்க்க வேண்டும்.

யாருடைய வருமானத்தைச் சேர்ப்பது என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கேஸ், கரண்ட், ஆயில் செலவைப் பொதுவாகப் பகிர்ந்துகொண்டு ஒன்றாக வாழ்பவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம்; ரத்த உறவு தேவையில்லை. கூட இருக்கும் பாட்டியின் ஓய்வூதியமும் கணக்கில் வரும், ஆனால் அவரால் ஆள் எண்ணிக்கை கூடி வரம்பும் உயரும். ஹீட்டிங் வாடகையோடு சேர்ந்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் ஒதுங்கிவிடும் வாடகைக்காரர்கள் ஏராளம்.

பெரும்பாலும் பார்க்கப்படுவது கைக்கு வரும் சம்பளம் அல்ல, வரிப் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தத் தொகை. எத்தனை நாள் வருமானம் என்பதும் முக்கியம்: சில இடங்களில் கடைசி ஒரு மாதம், சில இடங்களில் மூன்று மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர்களுக்கு ஆண்டில் இரண்டு மாதங்களில் மூன்று சம்பளம் விழும். அந்த மாதத்தைக் காட்டினால் தகுதியுள்ளவர்கூட வரம்பைத் தாண்டிவிடக்கூடும். எந்தக் காலக்கணக்கு, வாரச் சம்பளத்தை மாதமாக எப்படி மாற்றுகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு ஸ்னாப் (உணவு வாங்க அரசு தரும் உதவி) அல்லது எஸ்எஸ்ஐ (வருமானம் குறைந்த முதியவர், மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவி) கிடைத்தாலே, தனி வருமானக் கணக்கு இல்லாமல் தகுதி தரும் மாநிலங்களும் உண்டு. லைஹீப் பணம் வருமானமாகக் கருதப்படாது, ஆகவே மற்ற உதவிகள் குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம்.

தகுதி இருந்தாலே பணம் உறுதி என்று நினைக்கக் கூடாது. ஒதுக்கிய நிதி தீர்ந்தால் மூடிவிடுவார்கள். விண்ணப்பம் திறந்த வாரத்திலேயே கொடுங்கள். 211 என்ற உதவி எண்ணை அழைத்தால் உங்கள் பகுதி அலுவலகத்தைச் சொல்வார்கள். எல்லோருடைய சம்பளச் சீட்டு, சமூகப் பாதுகாப்பு எண், கடைசிப் பில், முகவரிச் சான்று ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். வேலையில்லாத வயதுவந்தவர் வீட்டில் இருந்தால், வருமானம் இல்லை என்ற எழுத்துமூல உறுதிமொழியையும் கேட்பார்கள். அது இல்லாமல் விண்ணப்பம் வாரக்கணக்கில் கிடக்கும்.

இணைப்பைத் துண்டிக்க நோட்டீஸ் வந்திருந்தால், அல்லது ஆயில் டேங்க் காலியாகும் நிலை என்றால், சாதாரண உதவியோடு நிறுத்தாமல் அவசர உதவியும் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு விண்ணப்பித்த 48 மணி நேரத்துக்குள் வழி செய்ய வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 18 மணி நேரம். கைக்குழந்தை, முதியவர், ஆக்சிஜன் கருவியில் இருப்பவர் வீட்டில் இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.