18 விநாடியில் வரும் குறுக்குக் கேள்வி

நோயாளியிடம் பரிவோடு பேச மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றால், "அன்பாகப் பேசுவது பிறவிக் குணம், அதற்கெல்லாம் எதற்கு வகுப்பு?" என்று கேட்கும் மருத்துவர்கள் இன்றும் உண்டு. மும்பை மாநகராட்சி மருத்துவமனையின் ஓபிடியில், அதாவது புறநோயாளிப் பிரிவில், ஒரு காலைப் பொழுது உட்கார்ந்தால் அவர்கள் கட்சியும் புரியும். கேஸ் பேப்பரோடு வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. பேச நேரம் ஏது?

அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் இருவரும் மருத்துவர், நோயாளி உரையாடல்களைப் பதிவுசெய்து 1984இல் ஆய்வு வெளியிட்டார்கள். நோயாளி வாய் திறந்து சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். குறுக்கிடாவிட்டால்? 2002இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், நோயாளிகள் தாமாகவே பேசி முடிக்கச் சராசரியாக 92 விநாடிதான் ஆனது. நம் ஊர்க் கூட்டம் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் ஒன்றரை நிமிடம்!

அந்த ஒன்றரை நிமிடம் கேட்பதை, ஊசி போடுவதைப் போலக் கைப்பழக்கமாக்குவதே பயிற்சி. இங்கே பரிவு என்பது நோயாளியோடு சேர்ந்து கலங்குவதல்ல. அவர் நிலையைப் புரிந்துகொண்டு, புரிந்தது சரிதானா என்று அவரிடமே கேட்டுப் பார்ப்பது.

இதற்கான நல்ல கருவி வேட நோயாளி. 1963இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹாவர்ட் பரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கிவைத்தது. நோயாளியாக நடிப்பவருக்கு நோய்க்குறிகளோடு பயங்களும் வீட்டுச் சூழலும் சொல்லித்தரப்படும். எதைத் தானாகச் சொல்லலாம், எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்பதும் முன்பே முடிவாகியிருக்கும்.

தாராவியில் இட்லி விற்கும் தமிழ்ப் பெண்ணாக ஒரு வேடம் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை கட்டுப்படவில்லை. "மாவ்ஷி (மராத்தியில் சித்தி), மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று மாணவர் கேட்டால் "போடுகிறேன்" என்று பதில் வரும், டோஸைக் கூட்டி எழுதிவிடுவார். "காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன வேலை?" என்று கேட்பவருக்கு வேறு கதை கிடைக்கும். விடியுமுன் எழுந்து மாவோடு மல்லுக்கட்டி, கூடையைச் சுமந்து விற்று முடித்த பிறகுதான் முதல் வாய்ச் சோறு. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் கிறுகிறுக்கிறது. அதனால் பாதியாக உடைத்துப் போடுகிறார். சில வகைச் சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். அந்தப் பெண் செய்தது தற்காப்பு. டோஸைக் கூட்டியிருந்தால் கூடையோடு மயங்கி விழுந்திருப்பார்.

முடிந்ததும் வேடம் கலைத்தவர், "வீட்டைப் பற்றிச் சொன்னபோது நீங்கள் பேப்பரைப் பார்த்தீர்கள், அதோடு நிறுத்திக்கொண்டேன்" என்பார். எந்தப் பேராசிரியரின் கண்டிப்பையும்விட இது உறைக்கும். அடுத்த பாடம், சொன்னதை நோயாளி வாயாலேயே திரும்பச் சொல்லவைப்பது. "புரிந்ததா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டில் மகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்றால்தான் விடுபட்டது தெரியும்.

இந்தியாவில் 2019இல் சேர்ந்த எம்பிபிஎஸ் மாணவர்களிலிருந்து 'ஏட்காம்' என்ற பெயரில் மனப்பான்மை, அறநெறி, தொடர்பாடல் பாடத்திட்டத்தில் ஏறிவிட்டன. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த 2009 ஆய்வில், நோயாளிகளோடு நெருங்கிப் பழகத் தொடங்கும் மூன்றாம் ஆண்டில்தான் பரிவு மதிப்பெண் சரிந்தது. வகுப்பில் கற்றதை வார்டு அழிக்கிறது. ரவுண்ட்ஸில் மூத்த மருத்துவர் படுக்கையருகே எப்படிப் பேசுகிறாரோ அதையே மாணவர் எடுத்துக்கொள்வார். என்னைக் கேட்டால், வேட நோயாளியின் முன் முதலில் உட்கார வேண்டியவர் அந்த மூத்தவர்தான்.