இசைக்கவைப் படம் வம்சாவளி அல்ல

கேலக்ஸிகளைப் பற்றி மாணவர்களிடம் பேசப் போனால், வானியலாளர் ஹபிள் 1936-ல் வெளியிட்ட, இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்) வடிவில் கேலக்ஸிகளை வகைப்படுத்தும் படம் எப்படியும் வந்துவிடும். இடப்பக்கம் உருண்டையான நீள்வட்ட கேலக்ஸிகள், வலப்பக்கம் இரு கிளையாகத் தட்டையான சுருள் கேலக்ஸிகள். “உருண்டைதான் சுற்றிச் சுற்றித் தட்டையாகிச் சுருளாகுதா, மேடம்?” என்று கேட்பார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. இடப்பக்கத்தை ‘முந்தைய வகை’, வலப்பக்கத்தைப் ‘பிந்தைய வகை’ என்று எங்கள் துறையே இன்றும் சொல்கிறது. நிறை மிகுந்த கேலக்ஸிகளில் நடந்திருப்பது பெரும்பாலும் இதற்கு நேரெதிர்: தட்டுதான் உருண்டையாகியிருக்கிறது.

மேக்ஸ் 2129-1 என்ற கேலக்ஸியைப் பாருங்கள். ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் முன் கிளம்பிய அதன் ஒளியை, வழியில் இருந்த கேலக்ஸிக் கொத்து ஒன்று லென்ஸ் போலப் பெரிதாக்கிக் காட்டியது. நம் கேலக்ஸியான பால்வெளியைவிட மூன்று மடங்கு நிறை, அளவிலோ பாதி. புது விண்மீன்கள் பிறப்பது அப்போதே நின்றுவிட்டது. அப்படிப்பட்டது உருண்டையாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2017-ல் வெளியான முடிவு வேறு: அது தட்டு. பால்வெளியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் சுழலும் தட்டு.

தட்டு எப்படி உருண்டையாகும்? தட்டில் விண்மீன்கள் செக்குமாடு போல ஒரே திசையில் சுற்றுகின்றன. கிட்டத்தட்டச் சம நிறையுள்ள இரண்டு தட்டுகள் கலக்கும்போது ஈர்ப்பு தாறுமாறாக மாறி, அந்தப் பாதைகள் எல்லாத் திசைகளிலும் சிதறிவிடும். (விண்மீன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதில்லை, நடுவே அவ்வளவு வெற்றிடம்.) அதன் பிறகு சின்னச் சின்ன கேலக்ஸிகள் வந்து விழுந்தபடி இருக்கும். அவற்றின் விண்மீன்கள் பெரும்பாலும் வெளிவிளிம்பில் தங்குவதால், நிறை கூடுவதைவிட வேகமாக அளவு பெருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: தட்டை நேர்மேலிருந்து பார்த்தாலும் வட்டமாகத்தான் தெரியும். ஒற்றைப் படத்தை வைத்து உருண்டை என்று முடிவு கட்டக்கூடாது. விண்மீன்கள் எப்படி நகர்கின்றன என்று, ஒளியை நிறங்களாகப் பிரித்த நிறமாலையில் அளந்து பார்க்க வேண்டும்.

கலந்ததற்கான தடயத்தை நம் ஊரிலிருந்தே பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் நிலா இல்லாத இரவில், தெற்கு வானில் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்துக்குச் சற்று மேலே சென்டாரஸ் ஏ என்ற கேலக்ஸி இருக்கும். பைனாகுலரில் மங்கலான பஞ்சுப்பொட்டு, அவ்வளவுதான். ஊர் வெளிச்சம் எட்டாத இடத்தில் எட்டு அங்குல டெலஸ்கோப்பைத் திருப்பி, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்திருங்கள். உருண்டையின் குறுக்கே ஒரு கரிய பட்டை மெல்லத் தெரியவரும். அது விழுங்கப்பட்ட ஒரு கேலக்ஸியின் தூசி.